18 வயதோடு பிள்ளைச் செலவு முடிந்துவிடுவதில்லை

எங்கள் பக்கத்தில் தாய் தகப்பன் பிரிந்த வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "புள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சி, இனிமே நான் காசு கட்டத் தேவையில்ல." சொல்கிறவர் பெரும்பாலும் அப்பா. சட்டம் அப்படித்தான் இருக்கும்போல என்று அம்மாவும் பேசாமல் இருந்துவிடுகிறார். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸ் பண்ணி கெம்பஸ் கிடைத்த பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொழும்பில் ஏதாவது கடையில் வேலைக்குச் சேரலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறது. நுவரெலியா மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் எனக்கு இது வருடா வருடம் கண்ணில் படுகிற விஷயம். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்தப் பேச்சு பிழை.

இலங்கையில் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், அதாவது பராமரிப்புச் செலவு பற்றிய சட்டம், என்று ஒன்று இருக்கிறது. அதில் 18 வயதுக்குக் குறைந்தவர் பிள்ளை. அதோடு நிற்காமல், 18 க்கும் 25 க்கும் இடைப்பட்ட மகனையும் மகளையும் தனியாகப் பிரித்து, அவர்களுக்கும் ஓர் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வசதியுள்ள தாயோ தகப்பனோ, தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத அந்த வயதுப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டால், மாதாமாதம் இவ்வளவு கொடு என்று நீதவான் கட்டளையிடலாம். உடலாலோ மனதாலோ இயலாத பிள்ளை என்றால் வயது எல்லையே கிடையாது. இதற்கு முன்பிருந்த 1889 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி, பிள்ளை என்று மட்டும் பேசியது, பொறுப்பு முழுக்க ஆண் தலையில். 1999 இல்தான் தாய் தகப்பன் இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் அது வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

18 என்ற கணக்கு நம் பிள்ளைகளுக்கு எப்படி அநியாயமாக வந்து விழுகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளை ஏ.எல். எழுதும்போதே 18, 19 ஆகிவிடுகிறது. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வந்து, 2023 ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 ஜனவரியில்தான் நடந்தது, பெறுபேறு வந்தது மே கடைசியில். அப்புறம் இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் என்று காத்திருந்து வளாகத்துக்குள் கால் வைக்கும்போது 20, 21. இரண்டாம் தடவை எழுதினால் இன்னும் ஒரு வருடம். ஸ்கூல் காலத்தில் சோறும் சீருடையும் கொப்பியும்தான் செலவு. பெரிய செலவு 20 இல்தான் ஆரம்பிக்கிறது, அப்பாவின் காசோ 18 இல் நின்றுவிடுகிறது.

என் சித்தப்பா மகளின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கச்சியிடமும் அவள் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பேர் ஊர் வேண்டாம். தங்கச்சி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, பிறகு சொந்தமாகவே ஒரு சின்னக் கடை போட்டுக்கொண்டார். அங்கேயே இன்னொரு குடும்பமும் ஆனது. மகளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து. நீண்ட நாள் இழுக்க வேண்டாம் என்று இருவரும் இணக்கத்துக்கு வந்தார்கள். பிள்ளைக்கு மாதம் இவ்வளவு, 18 வயது வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த "18 வயது வரை" என்பதை யாரும் நின்று வாசிக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய்க்கு 18 என்பது எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்!

பிள்ளை நன்றாகப் படித்தாள். கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலை. கடிதம் வந்த அன்று லயத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த லயத்திலிருந்து வளாகம் போகிற முதல் பிள்ளை அவள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970 களில்தான், அதற்கு முன் ஓரிரு வகுப்போடு கொழுந்துக் கூடைதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கடிதத்தை அந்த வீட்டுப் பாட்டி ஏன் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார் என்று விளங்கும்.

அன்றிரவு நானும் தங்கச்சியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆகியிருந்தது. மாதம் 20 பேர், அதாவது 20 நாள் முழு வேலை, விழுந்தால் 27,000. அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் போனால் 24,840. சங்கச் சந்தா, கோயில் சந்தா, தோட்டத்தில் வாங்கிய முற்பணம் எல்லாம் இனித்தான் கழிய வேண்டும். கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப் பேர் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, அது பெரிய விஷயம், அது மட்டும் இல்லையென்றால் நம்மில் ஒருவரும் போயிருக்க முடியாது. ஆனால் பிள்ளை மூன்று வேளை சாப்பிட வேண்டும், போர்டிங் வாடகை கட்ட வேண்டும், போட்டோ கொப்பி எடுக்க வேண்டும், தீபாவளிக்கு மட்டக்களப்பிலிருந்து மலையேறி வர வேண்டும், இன்றைக்கு ஒரு லெப்டொப் இல்லாமல் ஒரு ஒப்படைகூடச் செய்ய முடியாது. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அப்போது மாதம் 5,000. அதை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆகக் கூட்டினார்கள், நல்ல காரியம்தான், இருந்தாலும் அதை வைத்து ஒரு மாதத்தை ஓட்ட முடியாது.

தங்கச்சி அவருக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "கோர்ட்டுல சொன்னத கடைசி மாசம் வரைக்கும் கட்டிட்டேன்ல. இங்கயும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. இனி அவ பெரிய மனுஷி, ஒரு வேலையப் பாத்துக்கிட்டுப் படிக்கட்டும்" என்றார். உண்மையில் ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர்தான் அவர், அதை மறுக்க முடியாது. எத்தனையோ அப்பாமார் முதல் மூன்று மாதத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள். ஆனால் 18 வரைக்கும் கட்டியது, 18 க்குப் பிறகு கட்டாமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது.

வழக்குப் போடலாம் என்று நான் சொன்னதும் வீடே அமைதியாகிவிட்டது. முதலில் அழுதவள் மகள்தான். "பெரியம்மா, அப்பா மேல நான் கேஸ் போடுறதா?" என்று கேட்டாள். சட்டத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம், இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. நம் ஊரில் அம்மா கேஸ் போட்டால் பாவம், பொறுக்க முடியாமல் போட்டாள் என்பார்கள். பிள்ளை போட்டால் கதையே வேறு. "பெத்த அப்பன கோர்ட்டுக்கு ஏத்தின பொண்ணு" என்று பேர் விழுந்துவிடும், அந்தப் பேர் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும். அது மட்டுமில்லை, அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும். பொங்கலுக்கு உடுப்பு அனுப்புவார், பிறந்தநாளுக்குப் போன் எடுப்பார். வழக்கு என்று போனால் அந்தப் போனும் நின்றுவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. யாரும் நினைக்கக்கூடாது. அவளுக்கு நான் சொன்னது இதுதான்: நீ அப்பாவைக் குற்றவாளி என்று சொல்லப் போகவில்லை. இது களவு, அடிதடி மாதிரியான வழக்கு இல்லை. உனக்கு என்ன தேவை, அவரால் எவ்வளவு முடியும் என்று மூன்றாவது ஒருவர் கேட்டுத் தீர்க்கிற இடம் அது. நீ கேட்காவிட்டால் அந்தச் சுமை முழுவதும் அம்மாவின் முதுகில்தான் ஏறும், அம்மா அதைச் சொல்லவும் மாட்டாள். பாட்டி அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டு பேசாமல் இருந்தவர், "அவன்கிட்டக் கேக்காம வேற யாருகிட்ட கேக்குறது, சிங்கமலையான் சாமிகிட்டயா?" என்று ஒரு போடு போட்டார். அதோடு பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் பார்த்த சட்டத்தரணி ஓர் அம்மா. பழைய தீர்ப்பை வாங்கி வாசித்துவிட்டு அவர் சொன்ன விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. அந்த இணக்கம் கணவன் மனைவிக்கு இடையில் நடந்தது. 18 க்குப் பிறகு வருகிற உரிமை மகளுடையது. தன் பிள்ளை பின்னாளில் கேட்கக்கூடியதை ஒரு தாய் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. அதனால் மகள் தன் பெயரிலேயே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், மறுபடி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வழக்கைக் கிளற வேண்டியதில்லை. கொழும்புக்கு அலையவும் வேண்டியதில்லை, பிள்ளை வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே போடலாம்.

காட்ட வேண்டியவை மூன்று. அப்பாவிடம் வசதி இருக்கிறது, பிள்ளையால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது, அப்பா கவனிக்காமல் விட்டார். இதில் இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வளாகத்தில் படிக்கிறாள் என்றாலே போதும், நீதவான் புரிந்துகொள்வார் என்று இருந்துவிடக்கூடாது. 20 வயதுப் பிள்ளை ஏன் வேலைக்குப் போக முடியாது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். கேட்டார்கள். எங்கள் பிள்ளை விரிவுரை நேர அட்டவணையைக் கொண்டு போயிருந்தாள், காலை எட்டரையிலிருந்து பின்னேரம் வரைக்கும், சில நாள் சனிக்கிழமையும். அனுமதிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் சம்பளச் சீட்டு, கிராம சேவகரின் கடிதம், போர்டிங்கார அம்மா எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தோம். கடையின் பெயர்ப் பலகையை யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், அதுவும் பயன்பட்டது.

வழக்குத் தவணை சில போனது. ஒரு தவணையில் அவர் வரவில்லை, அந்த நாளின் பஸ் காசும் தங்கச்சியின் ஒரு நாள் பேரும் வீண். பிறகு வந்தார். மகளை வராந்தாவில் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன். அவரே சட்டத்தரணியிடம் பேசி, மாதம் 15,000 தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அதையே நீதவான் கட்டளையாக்கினார். நாங்கள் கேட்டது அதைவிடக் கூட. ஆனால் அவருக்கு அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதும் கணக்கில் வர வேண்டியதுதான், அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? காசு மாதாமாதம் மகளின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிறந்தநாள் போன் அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது.

கட்டளை வந்த பிறகும் கட்டாமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். பிடியாணை அனுப்பலாம். நிலுவைக்காகச் சிறைத்தண்டனையும் விதிக்கலாம். மாதச் சம்பளக்காரர் என்றால் அதைவிட நல்ல வழி, சம்பளத்திலிருந்து நேரே பிடித்து அனுப்பும்படி வேலை கொடுப்பவருக்கே கட்டளையிடுவது. தோட்டத்திலோ அரச உத்தியோகத்திலோ இருக்கிறவருக்கு இது நன்றாக வேலை செய்யும், யாரும் யாரிடமும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. சொந்தக் கடைக்காரர், நாட்கூலிக்காரர், கட்டாரில் இருப்பவர் என்று வந்துவிட்டால்தான் கஷ்டம்.

சட்டத்தின் எல்லைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் நம்பிக்கை கொடுத்தவளாகிவிடுவேன். 25 வயது வந்தால் இந்த உரிமை முடிகிறது. இரண்டாம் தடவையில் கெம்பஸ் கிடைத்து, வளாக வேலைநிறுத்தங்களில் மாதக்கணக்கு போய், நான்கு வருடப் பட்டத்தின் கடைசி வருடத்தில் 25 ஆகிற பிள்ளைக்கு அந்த வருடம் யார் காசு தருவது? மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் மோசம். படிப்பு முடியும் வரை என்று சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்று, சட்டம் மாதக் கொடுப்பனவைப் பற்றித்தான் பேசுகிறது. தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க லட்சக்கணக்கில் கட்டணம், அதை மொத்தமாக அப்பா கட்ட வேண்டும் என்று இந்த வழியில் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.

இதைப் பற்றி வாசித்தபோது அமெரிக்காவில் நடந்த ஒரு விவாதம் கண்ணில் பட்டது. நியூ ஜேர்சி மாநிலத்தில் 1982 இலேயே உச்ச நீதிமன்றம், பிரிந்த தாய் தகப்பன் கல்லூரிச் செலவைப் பங்குபோட வேண்டுமா என்று பார்ப்பதற்குப் பன்னிரண்டு விஷயங்களை எடுத்துச் சொன்னது. பிள்ளையின் திறமை, பெற்றோரின் வசதி, பிள்ளைக்கும் அந்தத் தகப்பனுக்கும் உள்ள உறவு என்று போகிறது அது. ஆனால் பென்சில்வேனியாவில் 1995 இல் அப்படியான சட்டத்தையே தள்ளிவிட்டார்கள். சேர்ந்து வாழும் பெற்றோரின் பிள்ளை கல்லூரிக் காசு கேட்டு வழக்குப் போட முடியாது, பிரிந்தவர்களின் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த உரிமை என்பது அவர்கள் வைத்த காரணம். அதை வாசித்த பிறகு நம் சட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இங்கே அந்தப் பிரச்சினையே எழாது. நம் சட்டம் விவாகரத்தானவர்களுக்கென்று எழுதப்படவில்லை. தாய், தகப்பன் என்றுதான் சொல்கிறது. சேர்ந்திருந்தாலும் சரி, பிரிந்திருந்தாலும் சரி, கல்யாணமே பதியாமல் இருந்தாலும் சரி.

கடைசியாகச் சொன்னது நமக்கு மிக முக்கியம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே செய்யாத குடும்பங்கள் தோட்டங்களில் எத்தனை! "நமக்குத்தான் ரெஜிஸ்டர் இல்லையே, என்ன கேஸ்?" என்று பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். பதிவு இல்லாவிட்டாலும் பிள்ளையின் உரிமை இருக்கிறது, இவர்தான் தகப்பன் என்பதை உறுதியான சாட்சியத்தோடு காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒழுங்காக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அம்மாமாரைப் பற்றியும் பேச வேண்டும், அது சிலருக்குக் கசக்கும். குவைத்திலும் ரியாத்திலும் உழைக்கும் அம்மாமார் நம் பக்கத்தில் நிறையப் பேர். பிள்ளையை அப்பாவோ அம்மம்மாவோ வளர்க்கிறார்கள். பிரிவுக்குப் பிறகு அம்மா வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு காசு அனுப்புவதை நிறுத்தினால், பிள்ளை அம்மாவிடமும் கேட்கலாம். தோட்டத்தில் புல்லு வெட்டிக்கொண்டு தனியாளாக மகனைப் படிக்க வைக்கும் ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். அவருக்கு இந்தச் சட்டம் ஆம்பளைகளுக்கு இல்லை என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இப்போது விவாகரத்து வழக்கில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே, இணக்கம் எழுதும்போதே, படிப்பை எழுதி வையுங்கள். "18 வயது வரை" என்று யாராவது தட்டச்சுச் செய்துகொண்டு வந்தால், உயர்கல்வி முடியும் வரை என்று மாற்றச் சொல்லுங்கள். லெப்டொப், அனுமதிக் கட்டணம் போன்ற மொத்தச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்றும் எழுதலாம். இருவரும் சம்மதித்து எழுதியது தீர்ப்பின் பகுதியாகிவிடும், 25 வயது எல்லையையும் அங்கே தாண்டலாம். அன்றைக்கு இருக்கிற கோபத்தில் இதெல்லாம் பெரிதாகத் தோன்றாது என்று தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்குப் பேசுவார்கள். நீதிமன்றத்தில் கேட்டாலே அவர்கள் அலுவலகம் எங்கே என்று சொல்வார்கள். சம்பளச் சீட்டையும் கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டு போங்கள். பழைய தீர்ப்பு எங்கோ தொலைந்துவிட்டது, லயத்துக் கூரை ஒழுகி நனைந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். வழக்கிலக்கம் தெரிந்தால் அதே நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு வாங்கலாம். ஏ.எல். பெறுபேறு வரும் வரை காத்திருக்காமல் பரீட்சை முடிந்த கையோடு அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.